ஸ்டோரில் காயவைத்த லேப்டாப்

லேப்டாப் உயிரை விட்ட அந்தச் சனிக்கிழமை காலையில் நான் முதலில் திட்டியது மீன் குழம்பைத்தான். யாரையாவது திட்டியே ஆகவேண்டும் போலிருந்தது. கணவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். மாமியார் கீழே ஊரில் இருந்தார். அடுப்படியில் முந்தின நாள் குழம்பு மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் சட்டியில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீடு கம்பத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தாக்கில். ஏலக்காய்த் தோட்டம் மேலே, கம்பம்மெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம். காய் பறிக்கிற மாதங்களில் கணவர் மேலேயே தங்கிவிடுவார். நான் வாரம் முழுக்கக் கீழே வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கீழே வந்ததும் அவருடைய ஜீப்பில் மலையேறுவேன். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். கிளம்பும்போது அத்தை ஒரு தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "கொழம்பு சிந்திராம பிடிச்சுக்க ஆத்தா. அவென் மீனு தின்னு ஒரு வாரமாச்சு" என்றார். மடியில் இடம் இல்லாததால் லேப்டாப் பை பின்னால் போயிற்று. காய்கறி மூட்டைக்கு மேலே, தார்ப்பாய்க்குக் கீழே. செக்போஸ்ட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்திருக்கிறது. அது ஜீப்பின் சொந்தக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் பிழைப்பு பின்னால் நனைந்துகொண்டே வந்தது.

பிழைப்பு என்று சும்மா சொல்லவில்லை. நான் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். எங்கோ இருக்கிற ஆஸ்பத்திரியில் யாருக்கோ நடந்த வைத்தியத்தை வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைப் போடுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சென்னை ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். பெண் பார்க்க வந்தபோது, வேலையை விடமாட்டேன் என்று வடுகபட்டியில் எங்கள் வீட்டு நடுவே நின்று நானே சொன்னேன். அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "வீட்ல இருந்துதேன பாக்குமாம், பாத்துட்டுப் போகட்டும்" என்று அத்தைதான் பேச்சை முடித்துவைத்தார். அன்றிலிருந்து அந்த லேப்டாப் என்னோடுதான் இருக்கிறது. கம்பெனிப் பொருள்தான். ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இதற்குள் ஆபீஸில் எனக்குக் கெட்ட பெயர் வந்திருந்தது. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒரு தடவை, மரம் சாய்ந்து கேபிள் அறுந்து ஒரு தடவை, இப்படி வேலைக்கு உட்கார முடியாமல் போன நாட்கள் சேர்ந்துவிட்டன. என் டீம் லீடர் என்னைவிட வயதில் சின்னவர். "உங்க ஊர்ல கரண்ட்னு ஒண்ணு உண்டா, இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர், அடுத்த வாரம் சிரிக்காமல் சொன்னார்: இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டிலிருந்து பார்க்கும் சலுகை போய்விடும், சென்னைக்கு வந்துவிட வேண்டியதுதான். சென்னைக்குப் போவதென்றால் தோட்டத்தை விட்டுவிட்டு இவர் வரமுடியாது. நான் மட்டும் போய் இருப்பதை எங்கள் பக்கம் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டார்கள். ஆக, அதற்கு ஒரே அர்த்தம்தான். திங்கட்கிழமை காலையில் நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் வேலை இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

அதனால்தான் சனிக்கிழமை விடிந்ததும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று பையைத் திறந்தேன். பை வெளியே ஈரமாக இருந்தது, உள்ளே கொஞ்சம் சில்லென்று இருந்தது. மலையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும் என்று நினைத்துப் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. சார்ஜரைச் சொருகினேன். ஒன்றும் இல்லை.

கம்பெனியில் கம்ப்யூட்டர் கோளாறைப் போனில் கேட்டுச் சரிசெய்கிறவர்களுக்கு ஒரு நம்பர் உண்டு. அதில் ஒரு சென்னைக்காரர் கிடைத்தார். பொறுமையான குரல். "மொதல்ல சார்ஜர் பெட்டியில லைட் எரியுதா பாருங்க மேடம்" என்றார். எரிந்தது. லேப்டாப் பக்கவாட்டில் இருக்கிற சின்ன விளக்கு எரியவில்லை. "வேற பாயின்ட்ல போட்டுப் பாருங்க." அறை அறையாக அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாயின்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க மிக்ஸியைச் சொருகி ஓட்டினேன். மிக்ஸி வீடே அதிர ஓடியது. "சார்ஜரைக் கழட்டிட்டு, பவர் பட்டனை அமுக்கி அப்படியே பிடிச்சிட்டிருங்க. நான் சொல்றப்ப விடுங்க." பிடித்தேன். விரல் நுனி வெளுத்துப் போயிற்று. விட்டுவிட்டுத் திரும்பச் சார்ஜரைப் போட்டேன். ஊஹூம். சார்ஜரே பழுதாக இருக்கலாம், வேறு கிடைக்குமா என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்து வீட்டுச் சேச்சியின் மகளிடம் ஒன்று இருந்தது. மழையில் ஓடிப்போய் வாங்கிவந்தேன். முனை பொருந்தியது. அப்படிப் பொருந்தியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. விளக்கு எரியவே இல்லை.

"தண்ணி ஏதாவது பட்டுச்சா மேடம்?"

லேப்டாப்பைச் சாய்த்துப் பார்த்தேன். காற்றுப் போகிற ஓட்டை வழியாக ஒரே ஒரு சொட்டு மெதுவாக வந்து என் கட்டைவிரலில் விழுந்தது.

"லேசா" என்றேன்.

"அப்போ ஆன் பண்ணவே பண்ணாதீங்க. சார்ஜரும் போடாதீங்க. நல்லா உலர்ந்த இடமாப் பாத்து, திறந்த மாதிரி கவுத்து வெச்சு அப்படியே விட்டுடுங்க. நாளைக்குச் சாயங்காலம் பாக்கலாம். அவசரப்பட்டு ஹேர் டிரையர் எல்லாம் காட்டிடாதீங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு வந்த கணவர், தலையைத் துவட்டிக்கொண்டே வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உலர்ந்த இடம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆடி மாதத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் தீக்குச்சி பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீராகக் கிடக்கும். படுக்கை விரிப்பைப் பிழிந்துவிட்டுப் படுக்கலாம் போலிருக்கும். நான் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்துப் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு துண்டை விரித்து, லேப்டாப்பைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்தேன். அவர் பின்னாலேயே வந்து பேப்பரைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உலர்ந்த எடமா? பேப்பரே நமுத்துக் கெடக்கு. ஸ்டோர்ல கொண்டுபோயி வைப்பமா?"

ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வது. கீழே விறகு எரியும். குழாய் வழியாக உள்ளே சூடு பரவும். அடுக்கடுக்காக இருக்கிற தட்டுகளில் பச்சைக் காயைப் பரப்பிவிட்டால், நிறம் மாறாமல் மெதுவாகக் காயும். அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு. சூடு கொஞ்சம் கூடினாலும் காய் வெளுத்துவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். என் கணவர் உள்ளே நுழைந்து மூச்சை இழுத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் அந்தக் கட்டடத்தில் ஏலக்காய் மட்டும் காய்வதில்லை. வேலைக்கு வருகிறவர்களின் சட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துச் சீருடை, சாமி மாலை கட்டுகிற நூல், என்னுடைய பட்டுப் புடவை, எல்லாம் அங்கேதான் கொடியில் தொங்கும். தலைக்குக் குளித்துவிட்டு நானே போய் நின்றிருக்கிறேன். முடி காய்ந்து, ஏலக்காய் வாசமும் ஏறிவிடும். போன வருஷம் இவருடைய போன் ஓடையில் விழுந்தபோதும் மேல்தட்டில் ஒரு பகல் வைத்துத்தான் எடுத்தார். அது பிழைத்துக்கொண்டது. இன்றுவரை அந்தப் பெருமை அவரைவிட்டுப் போகவில்லை.

"விடுங்க. ஹேர் டிரையரே கூடாதுன்னு சொல்றாங்க" என்றேன்.

"அது சூட்டக் கக்கும். இது மெதுவாத் தட்டும். ரெண்டும் ஒண்ணா?"

"விடுங்கன்னா விடுங்க."

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு முழுவதும் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கையால் தொட்டால் லேப்டாப்பின் முதுகு சில்லென்றே இருந்தது. வெளியே மழை நின்ற பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து அலமாரியைத் திறந்தால் துண்டு மட்டும் இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஸ்டோர் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. வழக்கத்தைவிட அதிகம் என்று எனக்கே தெரிந்தது. விடியற்காலையில் மழையில் நனைந்த காய் நிறைய வந்து இறங்கியிருக்கிறது. அடுப்புப் பார்க்கிறவர் விறகைக் கூடுதலாகத் தள்ளிவிட்டார். தட்டில் லேப்டாப் இருப்பது அவருக்குத் தெரியாது. லேப்டாப்பை வைத்தவரோ எடை போடுகிற இடத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

மேல்தட்டில், பச்சைக் காய்களுக்கு நடுவே, அது கவிழ்ந்து கிடந்தது. கீழே ஒரு வெள்ளைத் துணிகூட விரித்திருந்தார். முந்தானையால் பிடித்து எடுத்தேன். அப்படியும் சுட்டது. மூடப் பார்த்தேன், மூடவில்லை. விசைப்பலகையின் நடுப்பாகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. அதற்குக் கீழே விரலால் தடவுகிற பலகை ஒரு ஓரம் பெயர்ந்து மேலே நின்றது. ஏலக்காய் வாசம் கமகமவென்று அடித்தது. எனக்கு வயிறு எரிந்தது பாருங்கள், அந்த அடுப்பு தோற்றுவிடும்.

அவர் ஓடிவந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் பேயறைந்தவர் மாதிரி நின்றுவிட்டார்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"நல்லா மேல்தட்டாப் பாத்துத்தேன் வச்சேன். வைக்கும்போது சூடு கம்மியாத்தேன் இருந்துச்சு..."

"யாரக் கேட்டு எடுத்தீங்கன்னு கேக்குறேன்!"

தட்டு சுமந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் மெல்லிய குரலில், "ஹேர் டிரையர்தேன் வேணாம்னாரு. ஸ்டோர் வேணாம்னு அவரு சொல்லலையே" என்றார். வேறு நாளாக இருந்தால் இதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

தேனிக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கிற கடை ஒன்றை அவரே போனில் விசாரித்து வைத்தார். அடுத்த நிமிஷம் ஜீப்பை எடுத்துவிட்டார். வழி முழுக்க லேப்டாப்பை மடியிலேயே வைத்திருந்தேன். மெட்டு இறங்க இறங்க மழை விட்டது. கம்பத்துக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது, ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தார். விஷயம் அவர் காதுக்கு அதற்குள் போயிருந்தது.

"என்னத்தா, அவென் அதக் கொண்டுபோயி ஸ்டோர்ல வச்சுட்டானாமே? கிறுக்குப் பய. இங்கன கொண்டாந்து மொட்ட மாடில வச்சிருந்தா இந்தக் காத்துக்குக் காஞ்சிருக்காதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், அரைமணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஜீப் பயணம். உலர்ந்த இடம் முழுக்க முழுக்கக் கீழே கொட்டிக் கிடந்திருக்கிறது. மலையில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. மழைக்காலத்தில் மேலே இருப்பவர்களுக்கு உலர்ந்தது என்றால் ஸ்டோர், அவ்வளவுதான். எதைக் காயவைப்பதற்காகவும் யாரும் மலை இறங்கியதில்லை.

"சரி விட்டுத் தள்ளு ஆத்தா" என்றார் அத்தை. "வேலதேன போச்சு, உசிரா போச்சு? நீ வேல பாத்துத்தேன் இங்கன அடுப்பெரியணும்னு இருக்கா?"

அத்தை அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதில் சொன்னால் மரியாதையில்லாமல் ஏதாவது வந்துவிடும் என்று, "சிக்னல் இல்ல அத்த" என்று வைத்துவிட்டேன். சிக்னல் முழுசாக இருந்தது. கணவர் ஓரக்கண்ணால் பார்த்தார். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன.

தேனிக் கடைக்காரர் லேப்டாப்பைப் பார்த்ததும் ரெண்டு அடி பின்னால் போனார். "மேசைல வைக்காதீக. வெளிய, அந்தப் படியில வைங்க. பேட்டரி உப்பியிருக்கு. பட்டுனு வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார். இவ்வளவு நேரமும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். என் கணவர் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கம்பெனி லேப்டாப் என்றதும் கடைக்காரர் திறக்க மாட்டேன் என்றார். சீல் இருக்கிறது, நாளைக்குப் பிரச்சினை வரும். மறுபடியும் சென்னைக்குப் போன் போட்டேன். அதே பொறுமையான குரல். பேட்டரி உப்பிவிட்டது என்றதும் அந்தப் பொறுமை போய்விட்டது. "உடனே கழட்டச் சொல்லுங்க மேடம், நான் அனுமதி கொடுத்ததா எழுதிக்கறேன்" என்றார். கடைக்காரர் படியிலேயே உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினார். உப்பிய பேட்டரியை இடுக்கி போட்டு எடுத்து, ஓரமாக இருந்த மணல் வாளியில் போட்டார்.

"பேட்டரி இல்லாமலே சில லேப்டாப்பு கரண்டுல ஓடும். பாப்பமா?"

பார்க்கலாம் என்றேன். சார்ஜரைச் சொருகினார். பக்கவாட்டு விளக்கு எரிந்தது. எரிந்தேவிட்டது! சனிக்கிழமை காலையிலிருந்து நான் பார்க்கத் தவித்த அந்தத் துளி வெளிச்சம். பட்டனை அமுக்கினார். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. "ஓடுது, ஓடுது" என்று என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். சுற்றிய விசிறி நின்றது. விளக்கும் அணைந்தது. அப்புறம் கடைக்காரர் எத்தனையோ தடவை அமுக்கினார், உள்ளே எதையோ துடைத்தார், வேறொரு சார்ஜர் போட்டுப் பார்த்தார். அது திரும்ப எழவில்லை.

"போர்டு போச்சுக்கா" என்றார்.

"தண்ணியிலயா, சூட்டுலயா?" என்று என் கணவர் கேட்டார். கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது.

"அத எப்படிச் சொல்ல? ரெண்டும்தேன் பட்டிருக்கு. தண்ணியிலயே போயிருக்கலாம். சும்மா விட்டிருந்தா பொழச்சிருக்கவும் செய்யலாம்."

கடை வாசலில் நின்றே டீம் லீடருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். மழையில் நனைந்ததையும் சொன்னேன், ஏலக்காய் காயவைக்கிற இடத்தில் வைத்துவிட்டோம் என்றும் சொன்னேன். வைத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டு ஆளை வெளி ஆளிடம் விட்டுக்கொடுக்க முடியாது, அது வேறு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிரிப்பதற்காக மைக்கை அணைத்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்குக் காது மடல் சுட்டது.

திரும்பி வந்தபோது குரல் ஒழுங்காகியிருந்தது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அந்த லேப்டாப்போட ஆபீஸ்ல இருங்க. நேர்ல வந்து நீங்களே சொல்லுங்க, நானும் பேசிப் பாக்கறேன். வேற லேப்டாப் கொடுத்தாலும் கொடுப்பாங்க. கொஞ்ச நாள் இங்கயே இருந்து பாருங்கன்னு சொன்னாலும் சொல்வாங்க. வர முடியாதுன்னா, நீங்களே ராஜினாமா அனுப்பிடறது கௌரவமா இருக்கும்" என்றார்.

கணவர் ஜீப்பில் போய் உட்கார்ந்திருந்தார். நானும் ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியை எடுக்கவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டார், சொன்னேன். காற்றில் மண் பறந்து கண்ணாடியில் அடித்தது. எனக்குள் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது கிளம்பிவிட்டது.

"உங்க அம்மாவுக்கு நான் வேல பாக்குறது பிடிக்கல. உங்க சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் பிடிக்கல. கல்யாண வீட்டுல போயி ஒக்காந்தா, 'இன்னும் அந்தப் பொட்டியத்தேன் தட்டிக்கிட்டு இருக்கியா'ன்னு கேக்குறாக. உங்களுக்கும் பிடிக்கல. அதனாலதேன் கொண்டுபோயி வச்சீங்க. வேணும்னேதான வச்சீங்க?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று கேட்கும்போதே தெரிந்தது. வாயை மூட முடியவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாகப் பேசினார்.

"ஏய், கிறுக்கி. நீ வேலைக்குப் போகக்கூடாதுன்னு நெனச்சா அதுக்கு எதுக்கு நான் ஸ்டோரு, வெறகுன்னு அலையணும்? 'வேலய விட்டுரு'ன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சு. இம்புட்டு நாள்ல அந்த வார்த்தய நான் ஒரு தடவையாச்சும் சொல்லிருக்கேனா?"

இல்லை. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் நல்லவர். நான் வேலையில் இருக்கும்போது அந்த அறைப் பக்கம் யாரையும் வரவிடமாட்டார். இன்வெர்ட்டர் வாங்கியபோது முதலில் என் அறைக்குத்தான் இழுத்துக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தன்மேல் சந்தேகப்பட்டுவிட்டேனே என்ற வருத்தத்தில்தான் அதைச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்.

ஆனால் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லிவிட்டால் அத்தை மறுபேச்சுப் பேசமாட்டார். எங்கள் அப்பாவிடம் ஓடினால், "மாப்பிள்ளையே சொல்லிட்டாகள்ல, விட்டுரும்மா" என்பார். நானும் ரெண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் சமையல் செய்வேன். இத்தனை வருஷமாக என் வேலை எதன்மேல் நிற்கிறது என்று கேட்டிருந்தால் என் படிப்பு, என் உழைப்பு, கரண்ட், கேபிள், அந்த லேப்டாப் என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். எதற்கெல்லாம் பயந்தேன்! டிரான்ஸ்பார்மருக்குப் பயந்தேன், மழைக்குப் பயந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் வாயைத் திறக்காமல் இருப்பதால்தான் அது நிற்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார். அதை ஒரு நல்ல காரியமாகவும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சென்னைக்குப் போறேன்" என்றேன்.

"எப்ப?"

"இப்பத்தேன். பஸ் ஸ்டாண்டுல விடுங்க."

"மாத்துத் துணிகூட இல்லாமயா? தனியாவா? இரு, நானும் வாரேன்."

"வேணாம். ஸ்டோர்ல ஈரக்காய் கெடக்கு. நீங்க போய்ப் பாருங்க."

அவர் வண்டியை எடுத்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவரே ஓடியோடி விசாரித்து, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலும் ரெண்டு வாழைப்பழமும் வாங்கிவந்தார். திருகாணிகளைக் கடைக்காரர் ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார், அதை மறக்காமல் என் பையில் வைத்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கீழே, என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். "போயிச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். சரி என்றேன். "சாப்டுக்க" என்றார். அதற்கும் சரி என்றேன். அதற்கப்புறமும் அவர் போகவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்ப்பதும், தலையைச் சொறிவதும், ஏதோ சொல்ல வந்துவிட்டுப் பக்கத்து பஸ்ஸைப் பார்ப்பதுமாக நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தாரோ, பத்திரமாகப் போ என்று சொல்ல வந்தாரோ, எனக்குத் தெரியாது. என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த மனிதரைப் பார்த்து நான் பயந்ததில்லை. பஸ் நகர்கிறவரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாதே என்று.